அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "என் பையன் சரியில்லை", "என் பொண்ணு முன்ன மாதிரி இல்லை" என்றுதான் தொடங்குகின்றன. பிள்ளையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு வீட்டைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி எழுதுகிறார்கள். ஒருவர் அந்த ஒரு வரியையும் பேனாவால் அடித்துவிட்டு அனுப்பியிருந்தார், நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன், மன்னிக்கவும். பள்ளியில் 20 வருடம் பாடம் நடத்திவிட்டு, பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிற வேலைக்கு வந்தவள் நான். எனக்கு எப்போதும் அந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. வீட்டில் பரம சாது, பள்ளியில் மட்டும் அடிதடி. போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் கையில் பென்சிலால் குத்திவிட்டான். "அவன் வேணும்னே இடிச்சான்" என்கிறான். டீச்சரோ, அந்தப் பையன் பையை எடுக்கக் குனிந்தபோது தெரியாமல் பட்டது என்கிறார். எங்கள் வீட்டில் யாரும் இவனை அடிப்பதில்லை. எனக்கும் கணவருக்கும் ஐந்து மாதமாகப் பேச்சு இல்லை, ஆனால் இவன் எதிரில் ஒருநாள்கூடச் சத்தம் போட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இவனிடம்தான் சொல்லி அனுப்புவேன், "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்கிற மாதிரி. இவன் ஏன் இப்படி ஆனான்?
பெயர் வேண்டாம், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உங்கள் கேள்விக்கான பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள் அம்மா, கடைசிக்கு முந்தின வரியில்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். அங்கேயும் இதே கதைதான், அங்கே ஒரு பெண்குழந்தை. அடுப்படியிலிருந்து அம்மா "தோசை ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்று வெடுக்கென்று சொன்னார். குழந்தை கூடத்துக்கு வந்தது. வந்ததும் பேசவில்லை, அப்பா முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தது. அப்புறம் குரலை இனிமையாக்கிக்கொண்டு, "அப்பா, அம்மா உங்களை தோசை சாப்பிடக் கூப்பிடுறாங்க" என்றது. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "பசிக்கலைன்னு சொல்லு" என்றார். அது திரும்பிப் போய் அம்மாவிடம் சொன்னது: "அப்பா அஞ்சு நிமிஷத்துல வர்றாராம்." ஏழு வயது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே பத்தடிகூட இல்லை, அதற்குள் இரண்டு பக்கச் சேதியையும் மாற்றிச் சொல்லி ஒரு போரைத் தள்ளிப்போட்டுவிட்டது. நமக்கெல்லாம் அதற்குச் சம்பளம் கொடுத்தால்கூட ஐந்து மாதம் அந்த வேலையைப் பார்ப்போமா?

உங்கள் மகன் வீட்டில் சாது என்கிறீர்கள். வீட்டில் அவன் டூட்டியில் இருக்கிறான். யார் முகம் எப்படி இருக்கிறது, எந்தப் பாத்திரம் எவ்வளவு சத்தமாக வைக்கப்படுகிறது, கதவு எப்படிச் சாத்தப்படுகிறது, எல்லாவற்றையும் அளந்துகொண்டே இருக்கிறான். இப்படிக் காவல் இருந்து பழகிய பிள்ளை, பள்ளியில் தெரியாமல் ஒரு முழங்கை பட்டாலும் வேண்டுமென்றே இடித்ததாகத்தான் எடுத்துக்கொள்ளும். கென்னத் டாட்ஜ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-லேயே இதைச் சோதித்திருக்கிறார்: அடிக்கடி சண்டைக்குப் போகிற பையன்கள், காரணம் தெளிவாகத் தெரியாத ஒரு சம்பவத்தைக்கூட அடுத்தவன் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகவே பார்க்கிறார்கள். பென்சில் குத்து அப்படி வந்ததுதான். குனிந்த பையன்மேல் உங்கள் மகனுக்கு எந்தப் பகையும் கிடையாது.

"சத்தம் போட்டதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒரு பெருமை தெரிகிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சத்தமில்லாமல் இருப்பதைக் குழந்தைகள் சமாதானம் என்று எடுத்துக்கொள்வதில்லை. எட்வர்ட் ட்ரோனிக் என்பவர் 1970-களில் ஒரு சோதனை செய்தார், பார்த்தவர்களால் மறக்க முடியாது. குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மா, சொல்லிவைத்த நேரத்தில் முகத்தை அசைக்காமல் கல் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும், சில நிமிடங்கள்தான். திட்டவில்லை, அடிக்கவில்லை. குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துபோகிறது. அது சில மாதக் குழந்தை. உங்கள் வீட்டில் ஐந்து மாதமாக இரண்டு முகமும் அப்படி இருக்கிறது.

சண்டை போடாத புருஷன் பெண்டாட்டி எந்த ஊரிலும் இல்லை. மார்க் கம்மிங்ஸ் என்ற ஆய்வாளர் பெற்றோர் சண்டையைப் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். அவர் திரும்பத் திரும்பக் கண்டது, சண்டை நடந்ததைவிட அது எப்படி முடிந்தது என்பதுதான் பிள்ளையின் மனதில் நிற்கிறது என்பது. பேசித் தீர்ந்த சண்டையைப் பார்த்த பிள்ளைகளின் கலக்கம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் இருப்பது, கத்துகிற சண்டையைப் போலவே அவர்களை உலுக்குகிறது. நம் ஊரில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: சண்டையைக் கூடத்தில் போட்டுவிட்டு சமாதானத்தை மட்டும் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறோம். பிள்ளைக்குப் பாதிப் படம்தான் தெரிகிறது.

சரி, என்ன செய்வது? உங்களுக்குள் என்ன மனஸ்தாபம் என்று எனக்குத் தெரியாது, அது நாளைக்கே தீர்ந்துவிடும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் இன்று ராத்திரியே ஒன்று செய்யலாம். தூது நிற்கட்டும். "சாப்பிட வாங்க" என்ற இரண்டு வார்த்தையை நீங்களே நேராகப் போய்ச் சொல்லுங்கள், அவர் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, வேலையிலிருந்து பையனுக்கு விடுதலை. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து, முடியாவிட்டால் நீங்கள் மட்டுமாவது, அவனிடம் சொல்லுங்கள்: "அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு கோபம், அதுக்குக் காரணம் நீ இல்ல, அதைச் சரி பண்றது உன் வேலையும் இல்ல." இந்த வயதுப் பிள்ளைகள் வீட்டில் எது உடைந்தாலும் தன்னால்தான் என்று கணக்குப் போடுவார்கள், வாயைத் திறந்து கேட்கமாட்டார்கள். டீச்சரைப் பார்க்க அவரும் நீங்களும் ஒன்றாகப் போங்கள். அங்கே என்ன பேசுகிறீர்கள் என்பதைவிட, இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கியதை அவன் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்ப்பான் பாருங்கள், அது போதும்.

ஒன்று மட்டும். பேசாமல் இருப்பதற்குக் காரணம் அவர் கை நீட்டுவது என்றால் மேலே சொன்னது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, 181-ஐ அழையுங்கள், அது பெண்களுக்கான உதவி எண்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை. இரண்டு வருடம் கழித்து ஒன்றரை மாத லீவில் வந்திருக்கிறேன். மகளுக்கு மூன்றரை வயது. வீடியோ காலில் "அப்பா அப்பா" என்று திரையில் முத்தம் கொடுத்தவள், நேரில் என்னைக் கண்டால் அம்மா முந்தானைக்குள் ஒளிகிறாள். என் மாமனாரிடம் மட்டும் ஒட்டிக்கொள்கிறாள். சொந்தக்காரர்கள் எதிரில் அவமானமாக இருக்கிறது.
கடலூர் முதுநகர்

பதில்: தம்பி, அவமானத்தை முதலில் எடுத்து ஓரமாக வையுங்கள். அவளுக்குத் தெரிந்த அப்பா உள்ளங்கை அளவு. அந்த அப்பாவுக்கு வாசனை கிடையாது, மீசை குத்தாது, பொத்தானை அமுக்கினால் போய்விடுவார். இப்போது ஆறடிக்கு ஒருவர் வந்து நின்று "நான்தான் அது" என்கிறார். நீங்களாக இருந்தால் மட்டும் ஓடமாட்டீர்களா?

தெரியாத ஆளைக் கண்டு அம்மாவிடம் ஓடுகிற குழந்தை நன்றாகத்தான் வளர்கிறது, ஓடிப்போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. மாமனார் மேல் பொறாமைப்படாதீர்கள், நீங்கள் இல்லாத இரண்டு வருடம் அந்த இடத்தை அவர் காலியாக விடாமல் பார்த்துக்கொண்டார். இன்னொன்று, சில பிள்ளைகளின் சுபாவமே மெதுவாகப் பழகுவது. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற கணவன் மனைவி இருவரும் மனநல மருத்துவர்கள், நியூயார்க்கில் 1956-ல் தொடங்கி 130-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் சுமார் 15 சதவீதம் இந்த வகை. புது ஆள், புது இடம், புதுச் சாப்பாடு எதுவானாலும் முதலில் பின்வாங்கும், அவசரப்படுத்தாமல் விட்டால் தானே வரும். அவசரப்படுத்தினால் இன்னும் பின்னால் போகும்.

நம் வீடுகளில் அவசரப்படுத்துவதற்கு ஆள் பஞ்சமே இல்லை. "அப்பாகிட்ட போ", "அப்பா சாக்லேட் வாங்கிட்டு வந்திருக்கார் பாரு, முத்தம் குடு" என்று கூடத்தில் பத்துப் பேர் சுற்றி நின்று தள்ளுவார்கள். அவர்களை முதலில் நிறுத்துங்கள். நீங்கள் அவளைத் தூக்கப் போகாமல் தரையில் உட்காருங்கள், பக்கத்தில், அவளைப் பார்க்காமல், அவளுடைய டப்பாக்களையோ மூடிகளையோ வைத்து ஏதாவது அடுக்கிக்கொண்டிருங்கள். தப்பாக அடுக்குங்கள். எந்த மூன்றரை வயதுக்கும் பெரியவர்கள் தப்பாகச் செய்வதைத் திருத்தாமல் இருக்க முடியாது. அப்புறம் தினம் நடக்கிற ஒரு வேலையைக் கையில் எடுங்கள், குளிப்பாட்டுவதோ இட்லி ஊட்டுவதோ, முதல் நாலு நாள் மாமனாரும் கூட இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போய் சுண்டல் வாங்கிக்கொடுப்பதெல்லாம் நல்லதுதான், ஆனால் உறவு ஒட்டுவது தினசரி வேலையில்தான்.

திரும்பிப் போகும் நாளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன், ஏனென்றால் எனக்குக் கவலை அங்கேதான். ஏர்போர்ட்டுக்கு வேன் ராத்திரியில் கிளம்பும். "அழுவா, தூங்கும்போதே கிளம்பிடு" என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்காதீர்கள். காலையில் எழுந்து அப்பாவைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடுகிற பிள்ளை, அதற்கப்புறம் தூங்கவே பயப்படும், அம்மா கழிவறைக்குப் போனாலும் பின்னாலேயே போகும். ஒரு வாரம் முன்னால் தினக்காலண்டரில் நாளைக் காட்டுங்கள், தினம் ஒரு தாளை அவள் கையாலேயே கிழிக்கட்டும். கிளம்பும்போது எழுப்பிச் சொல்லிவிட்டுப் போங்கள். அழுவாள், அழட்டும், மடியில் வைத்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். அங்கே போனபிறகு எப்போதாவது நினைத்தபோது ஒரு மணிநேரம் பேசுவதைவிட, தினம் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் பேசுங்கள்.

கேள்வி: மகன், மருமகள் இருவரும் வேலைக்குப் போகிறார்கள், ஐந்து வயதுப் பேரனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன் கொடுத்தால்தான் சாப்பிடுகிறான். மருமகள் வந்ததும் "ஏன் போன் கொடுத்தீங்க" என்று என்னைச் சத்தம் போடுகிறாள். அவள் என்னைத் திட்டும்போது பேரன் சிரிக்கிறான்.
முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்களுக்கு வலித்தது போன் பஞ்சாயத்து இல்லை, அந்தச் சிரிப்புதான் என்று நினைக்கிறேன்.

அவன் உங்களைக் கேலி செய்யவில்லை. வீட்டில் இரண்டு அரசாங்கம் நடப்பதைக் கண்டுபிடித்துவிட்டான், ஒன்று போட்ட உத்தரவை இன்னொன்று ரத்து செய்யும், நடுவில் நமக்கு வேண்டியது நடக்கும். (புதுச்சேரிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா என்ன.) பெரியவர்களுக்குள் விதி ஒத்துப்போகாத வீட்டில் பிள்ளை கெட்டுப்போவதில்லை, சாமர்த்தியமாகிவிடும், அதுதான் சிக்கல்.

போன் விஷயத்தில் மருமகள் சொல்வது சரி. இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது, அதிலும் சாப்பிடும்போது வேண்டவே வேண்டாம், வயிறு நிறைந்ததுகூடத் தெரியாமல் விழுங்குவான். ஆனால் மருமகள் உங்களைத் திட்டிய இடம் தப்பு. அவள் இல்லாத பத்து மணிநேரம் உங்கள் பேச்சை அவன் கேட்க வேண்டும், உங்கள் பேச்சுக்கு இருக்கிற மரியாதையை அவளே அவன் எதிரில் உடைக்கிறாள். இந்தப் பக்கத்தை அவளிடம் காட்டுங்கள், கோபித்துக்கொண்டால் நான் எழுதியதாகவே சொல்லுங்கள். மூன்று பேரும் உட்கார்ந்து மூன்றே மூன்று விதி முடிவு செய்யுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மற்றதில் பாட்டி வீட்டுச் சலுகை இருக்கட்டும். பாட்டி கொஞ்சம் செல்லம் கொடுக்காவிட்டால் அப்புறம் பாட்டி எதற்கு?

சாப்பிடாவிட்டால் ஒருவேளை விடுங்கள். அடுத்த வேளை சாப்பிடுவான்.

கேள்வி: அடியாத மாடு படியாது என்பார்கள். எங்கப்பா என்னை பெல்ட்டால் அடித்துத்தான் வளர்த்தார், பிரவுன் கலர் பெல்ட், பீரோ பக்கத்து ஆணியில் தொங்கும். நான் நன்றாகத்தானே இருக்கிறேன்? என் 10 வயது மகன் நாலு தடவை சொன்னால்தான் எழுந்திருக்கிறான். அடிக்காமல் வளர்க்கச் சொல்கிற உங்களைப் போன்றவர்கள் வேறு வழி சொல்வதில்லை.
பண்ருட்டி

பதில்: பெல்ட்டின் நிறம், ஆணி இருந்த இடம் உட்பட எல்லாம் நினைவிருக்கிறதே சார். அப்பா எதற்காக அடித்தார் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை, கவனித்தீர்களா? அடியின் கோளாறே அதுதான். அடி நினைவிருக்கும், பாடம் நினைவிருக்காது.

நானும் யோக்கியம் இல்லை. என் மகள் நாலாவது படிக்கும்போது ரேங்க் கார்டில் கணக்கு மார்க்கைப் பார்த்துவிட்டு மர ஸ்கேலால் உள்ளங்கையில் இரண்டு வைத்தேன், நான் ஒரு டீச்சர் வேறு. அடுத்த பரீட்சைக்கு ரேங்க் கார்டு வீட்டுக்கு வரவே இல்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது, என் கையெழுத்தோடு, நான் போடாத கையெழுத்து. கணக்கு வரவில்லை, கையெழுத்து போடக் கற்றுக்கொண்டாள். இன்றைக்கு அவளே அதைச் சொல்லிச் சிரிக்கிறாள், எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

2016-ல் எலிசபெத் கெர்ஷாஃப் என்பவரும் சக ஆய்வாளர் ஒருவரும், பிள்ளைகளை அடிப்பது பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், எல்லாவற்றிலும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள். அடி வாங்குகிற பிள்ளைகளிடம் முரட்டுத்தனம், மனச்சோர்வு போன்றவை அதிகமாகத் தெரிந்தன, சொன்ன பேச்சு கேட்பது கூடியதாகத் தெரியவில்லை. முரட்டுப் பிள்ளை என்பதால் அடி வாங்கியதா, அடி வாங்கியதால் முரடானதா என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதுதான் பதில். பள்ளிகளில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடை செய்துவிட்டது, வீடுதான் பாக்கி.

சரி, வேறு வழி. ஓரிகானில் ஜெரால்ட் பேட்டர்சன் என்பவர் வீடுகளுக்குள்ளேயே போய் உட்கார்ந்து, அம்மா அப்பா என்ன சொல்கிறார்கள், பிள்ளை என்ன செய்கிறது என்று நொடிக்கு நொடி குறித்துக்கொண்டார். அவர் பார்த்தது நம் வீட்டிலும் நடக்கிறது. நீங்கள் முதல் தடவை சொல்கிறீர்கள், எதுவும் நடப்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது, அப்படியே. நாலாவது தடவை குரல் ஏறுகிறது, கை ஓங்குகிறது, அவன் எழுந்திருக்கிறான். அவனுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்தது "நாலாவதுதான் நிஜம்" என்று. உங்களுக்கு அவன் கற்றுக்கொடுத்தது "கத்தினால்தான் வேலை நடக்கும்" என்று. யார் யாரைப் பழக்குகிறார்கள் என்றே தெரியாது, ஒவ்வொரு மாதமும் சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போகும்.

ஆகவே முதல் தடவையையே நிஜமாக்குங்கள். கூடத்திலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய், தோளில் கை வைத்து, ஒருமுறை சொல்லுங்கள், சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். எழுந்தால் ஒரு "சபாஷ்", அதற்குக் காசா பணமா. எழாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவைத்த விளைவு, சின்னதாக, அன்றைக்கே, சாயங்கால டிவி இல்லை என்பது போல, சொன்னால் செய்துவிட வேண்டும். பத்து நாள் கஷ்டமாக இருக்கும். அடிக்காமல் இருப்பது என்றால் கண்டிக்காமல் விடுவது என்று நீங்கள் நினைக்கிற மாதிரி தெரிகிறது. 1960-களில் டயானா பாம்ரிண்ட் என்பவர் கலிபோர்னியாவில் பிரித்துக் காட்டியது இதைத்தான்: கறாரும் பாசமும் சேர்ந்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் நன்றாக வந்தார்கள், வெறும் கறாரிலும் சறுக்கல், வெறும் செல்லத்திலும் சறுக்கல். உங்களிடம் கறார் இருக்கிறது. இன்னொன்றைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, இல்லையென்று நானாக முடிவு கட்டவும் மாட்டேன்.

கேள்வி: நான் +1 படிக்கிறேன். மார்க் குறைந்தால் அப்பா அடிக்க மாட்டார், திட்ட மாட்டார், பேசுவதை நிறுத்திவிடுவார். ஒருமுறை 11 நாள். அம்மா "உனக்காகத்தான் எல்லாத்தையும் விட்டேன்" என்று அழுவார். எல்லோரும் "உனக்கென்ன, தங்கமான அப்பா அம்மா" என்கிறார்கள். எனக்குத்தான் ஏதோ கோளாறா?
லாஸ்பேட்டை

பதில்: கோளாறு உன்னிடம் இல்லை பாப்பா. நாள் எண்ணி வைத்திருக்கிறாய், அதிலேயே எவ்வளவு வலித்தது என்று தெரிகிறது.

பெற்றோர் பிள்ளையைக் கட்டுப்படுத்துவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, நீ செய்வதைக் கட்டுப்படுத்துவது: எட்டு மணிக்குள் வீட்டுக்கு வா, போனை அங்கே வை, எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ. இது எரிச்சலாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் நல்லதே செய்யும். இன்னொன்று, மனதுக்குள் கைவிட்டுத் திருப்புவது: பேசாமல் இருந்து, குற்ற உணர்ச்சி கொடுத்து, பாசத்தை மார்க்குக்குக் கூலி மாதிரி ஆக்குவது. பிரையன் பார்பர் என்ற ஆய்வாளர் 1990-களில் இந்த இரண்டையும் தனித்தனியாக அளந்து பார்த்தார், இரண்டாவது வகைதான் வளரும் பிள்ளைகளின் சோர்வோடும் தாழ்வு மனப்பான்மையோடும் சேர்ந்து வருகிறது. அடி என்றால் தழும்பைக் காட்டலாம், இதைக் காட்ட முடியாது, அதனால்தான் ஊர் "தங்கமான அப்பா" என்கிறது. அவர் தங்கமானவராகவும் இருக்கலாம், அவருக்கு அவர் அப்பா செய்ததும் இதுவாகத்தான் இருக்கும். கோபம் வந்தால் கையை ஓங்காமல் வாயை மூடிக்கொள்வதே பெரிய முன்னேற்றம் என்று நினைத்திருப்பார்.

நேரில் பேச வராது என்றால் எழுது. "ஏன் இப்படிப் பண்றீங்க" என்று ஆரம்பிக்காதே, அவர் வக்கீலாகிவிடுவார். "மார்க் குறைஞ்சா நீங்க திட்டுங்க, ஆனா பேசுங்க. 11 நாள் நீங்க பேசாதப்போ எனக்குப் படிக்கவே முடியல" என்று மட்டும் எழுதி, அவர் வண்டிச் சாவி வைக்கிற இடத்தில் வை. உடனே மாறுவார் என்று எதிர்பார்க்காதே. சித்தப்பா, அத்தை, ஒரு டீச்சர், யாரிடம் பேசினால் உனக்கு மூச்சு சீராகிறதோ அவரை விட்டுவிடாதே. தூக்கம் வரவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, இருந்து என்ன பண்ணப்போகிறோம் என்கிற மாதிரி எண்ணம் வருகிறது என்றால் அடுத்த இதழ் வரைக்கும் காத்திருக்காதே. 14416, டெலி மானஸ், எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. குழந்தைகளுக்கான 1098-ம் உனக்கு உண்டு, 18 வயதுவரை நீ குழந்தைதான். உங்கள் ஊரிலேயே ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போவது பைத்தியக்காரத்தனம் என்று யாராவது சொன்னால் பல் வலிக்குப் பல் டாக்டரிடம் போவதில்லையா என்று கேள்.

கேள்வி: விவாகரத்து ஆகி நானும் 6 வயது மகனும் மட்டும் இருக்கிறோம். "அப்பா இல்லாத பிள்ளை உருப்படாது" என்று என் அம்மாவே சொல்கிறார். உண்மையா?
நெய்வேலி

பதில்: இல்லை. மேவிஸ் ஹெதரிங்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருடம் தொடர்ந்து பார்த்த குடும்பங்களில், பெற்றோர் பிரிந்த பிள்ளைகளில் சுமார் 25 சதவீதம் பேருக்குப் பெரிய சிக்கல்கள் வந்தன, பிரியாத வீட்டில் 10 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் மீதி 75 பேரைப் பற்றி உங்கள் அம்மாவிடம் யார் சொல்வது? ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். வறுமை, குடி, சண்டை என்று எல்லாக் கஷ்டமும் சூழ்ந்த வீடுகளில் பிறந்தும் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் நன்றாக எழுந்து நின்றார்கள். அவர்கள் பக்கத்தில் விடாமல் ஒட்டி நின்ற ஒரு பெரியவராவது இருந்தார், அம்மாவோ தாத்தாவோ அத்தையோ.

உங்கள் மகனுக்கு அந்த ஆள் நீங்கள் இருக்கிறீர்கள், உங்கள் அம்மாவும் இருக்கலாம், அந்த வாக்கியத்தை மட்டும் அவன் காதில் விழாமல் வைத்துக்கொண்டால். அவனிடம் அவன் அப்பாவைப் பற்றிக் கெட்டதாகப் பேசாதீர்கள். பேச வேண்டும் போல இருந்தால் எனக்கு எழுதுங்கள், எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன்.

கடைசியாக ஒன்று. 14 வயது மகன் வீட்டில் வாயே திறப்பதில்லை என்று நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா முன்பு எழுதியிருந்தார். எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள், தினம் சாயங்காலம் கடைக்கு நடந்து போகும்போது கூட்டிப்போங்கள், பக்கத்தில் நடக்கும்போது பிள்ளைகளுக்குப் பேச வரும் என்று பதில் போட்டிருந்தேன். இப்போது எழுதியிருக்கிறார்: "முதல் வாரம் பையைத் தூக்கிக்கொண்டு பத்தடி முன்னால் போனான். இப்போது திரும்பி வரும்போது மட்டும் பேசுகிறான். ஆனால் தெருமுனை வந்ததும் நிறுத்திவிடுகிறான். என்ன செய்யட்டும்?"

தெருமுனை வந்ததும், உப்பு வாங்க மறந்துவிட்டேன் என்று திரும்புங்கள்.